காவடித் தண்டில் தோள் எங்கே?



நம் சமய வகுப்புகளில் சில கேள்விகளைப் பெரியவர்கள் முன்னால் யாரும் கேட்பதில்லை. வகுப்பு முடிஞ்சு, பிரசாதம் சாப்பிட்டு, மோட்டார் நிறுத்தின இடத்துக்கு வந்த பிறகுதான் மெதுவாகக் கேட்பார்கள். அப்படி அடிக்கடி வருகிற கேள்வி இது: "அண்ணே, ஸ்க்ரேம்பளர் ஓட்டிக்கிட்டே இஞ்சினியரிங் முடிக்க முடியுமா?"

இதற்கு ரெண்டு பதில் எப்பவும் தயாராக இருக்கும். வீட்டில் சொல்வது, "மொதல்ல அந்த மோட்டார வித்துட்டு வந்து பேசு." மாமாக் கடையில் கூட்டாளிகள் சொல்வது, "இந்த வயசுல ஓட்டாம எப்ப ஓட்டப் போற? படிப்பு எங்கயும் போயிடாது லா."

ரெண்டுமே அன்பில் சொன்ன பதில்தான். ஆனால் ரெண்டிலும் ஒரே குறை இருக்கிறது. இரண்டு சுமையில் ஒன்றை அவிழ்த்துக் கீழே போடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பத்துமலையில் 272 படி ஏறுகிற கூட்டம் நாம். இரண்டு பக்கமும் சுமை கட்டித் தோளில் வைத்து நடப்பது நமக்குப் புதுசா? அதற்குப் பெயரே காவடி.

இடும்பன் கதை

முதன்முதலில் காவடி தூக்கியவன் இடும்பன். சூரபத்மன் போரில் உயிர் தப்பிய அசுரன். பிறகு அகத்திய முனிவருக்குச் சீடன் ஆனான். சிவகிரி, சக்திகிரி என்ற இரண்டு மலைகளையும் தெற்கே கொண்டு வரும்படி முனிவர் அவனை அனுப்பினார். பிரம்மதண்டத்தைத் தண்டாகவும் பாம்புகளைக் கயிறாகவும் வைத்து, இரு முனையிலும் மலைகளைக் கட்டித் தோளில் ஏற்றி நடந்தான். திருவாவினன்குடி அருகே களைப்பாற இறக்கி வைத்தான். மறுபடி தூக்கினால் அசையவில்லை. மேலே பார்த்தால், கையில் தண்டோடு ஒரு சின்னப் பையன் மலை உச்சியில் நிற்கிறான். யாரென்று தெரியாமல் இடும்பன் சண்டைக்குப் போனான், விழுந்தான். இடும்பி அழுது வேண்ட, முருகப்பெருமான் அவனை எழுப்பினார். தன்னைப் போலச் சுமை தூக்கி வருகிறவர்களுக்கு அருள் செய்ய வேண்டும் என்று அவன் வரம் கேட்டான். அதனால்தான் பழனி மலை ஏறும் வழியில் இன்றும் இடும்பனுக்குச் சன்னதி இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் முதல் வருஷம் ஸ்டேட்டிக்ஸ் படித்த பிறகு இந்தக் கதையில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இரண்டு மலையும் ஒரே எடையா? நாம் கேட்ட கதைகளில் யாரும் அந்த மலைகளை நிறுத்துப் பார்த்ததாக இல்லை. ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் எப்படி அவ்வளவு தூரம் நடந்தான்?

இஞ்சினியரிங் மாணவர்களுக்குப் பதில் தெரியும். தண்டு சமமாக நிற்க, எடைகள் சமமாக இருக்க வேண்டியதில்லை. எடையைத் தூரத்தால் பெருக்கி வருகிற மோமென்ட் சமமாக இருந்தால் போதும். கனமான பக்கத்துக்கு அருகில் தோளைக் கொடுத்தால் காவடி நிற்கும். நடுவில் கொடுத்தால் கனமான பக்கம் தரையில் இடிக்கும். லேசான பக்கத்துக்குத் தோளை நகர்த்தினால் கேட்கவே வேண்டாம்.

நாம் 'பேலன்ஸ்' என்று சொல்லும்போது மனசில் வருவது நடுவில் பிடித்த தராசு, பாதிக்குப் பாதி. காவடி வேறு மாதிரி. அதில் சுமை இரண்டும் அப்படியே இருக்கும். தோள் மட்டும் இடம் மாறும். படிப்பையும் பைக்கையும் சுமக்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான்: தோள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் சுமை கட்டின தண்டை, நீட்டித் தோளில் வைத்து நடக்க முடியாது. வீட்டில் "வித்துடு" என்று சொல்கிற அப்பா அம்மாவும் தயவுசெய்து இந்த இடத்தைப் படியுங்கள். படிப்பை மட்டும் கட்டித் தூக்கச் சொன்னாலும் தண்டு சாயும்.

எது கனம்?

சரி, எந்தப் பக்கம் கனம்? உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவோம்.

மலேசியத் தகுதி முறையில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, டுடோரியல், லேப், அசைன்மென்ட், வீட்டில் படிப்பது, தேர்வு எழுதுவது எல்லாம் சேர்த்து. ஒரு செமஸ்டருக்கு 18 கிரெடிட் எடுத்தால் 720 மணி. படிப்பு விடுமுறை, தேர்வு வாரங்களோடு சேர்த்து ஏறக்குறைய 18 வாரம். வகுத்தால் வாரத்துக்கு 40 மணி. டிகிரி ஒரு முழுநேர வேலை என்பது சும்மா பேச்சு இல்லை. கணக்கே அப்படித்தான் வருகிறது.

இப்போது பைக். "ஞாயித்துக்கெழம மூணு மணி நேரம்தான்" என்போம். ஓட்டுவது மூணு மணி நேரம்தான். வண்டியை லாரியில் ஏற்றிப் போய்வர ரெண்டு மணி. சேறு கழுவ ஒரு மணி. ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவி, காயவைத்து, எண்ணெய் தடவி, செயினுக்கும் எண்ணெய் போட்டு, டென்ஷன் பார்க்க ஒரு மணி. வாரத்தின் நடுவில் ஏதாவது கழற்றி மாட்ட ரெண்டு மணி. ஆக மொத்தம் 9.

வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 7 மணி தூக்கம் என்றால் 49 போகும். படிப்பு 40. சாப்பாடு, குளியல், சாமி கும்பிடுவது, வீட்டு வேலை தினம் 4 மணி என்றால் 28. கிள்ளானிலிருந்து கே.டி.எம். பிடித்துப் போய்வர, அஞ்சு நாளைக்கு 10. மிச்சம் 41. அதில் பைக்குக்கு 9 போனாலும் 32 மணி கையில் நிற்கிறது.

அப்படியானால் பிரச்சனை எங்கே? நேரம் இருக்கிறது. தோள்தான் இடம் மாறிவிட்டது.

திங்கட்கிழமை தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது, மனசு நேற்று ஏற முடியாத அந்தச் சரிவில் இருக்கிறது. லேப் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால், கை ஃபோனில் பழைய கார்புரேட்டர் விலை தேடுகிறது. இரவு பன்னிரண்டு மணிக்கு இன்னொருத்தர் மலை ஏறுகிற வீடியோ. இது எந்த டைம்டேபிளிலும் வராது. ஓட்டுகிற மூணு மணி நேரத்தால் தேர்வில் தோற்றவர்கள் குறைவு. ஓட்டாத நேரத்திலும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்ததால் தோற்றவர்கள்தான் அதிகம்.

படிப்பு 40, பைக் 9. தண்டின் நீளம் 49 விரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முனையிலிருந்து 9 விரல் தள்ளித் தோள் நிற்க வேண்டும். பைக் முனை 40 விரல் தள்ளி இருக்கும். இந்தப் பக்கமும் 360, அந்தப் பக்கமும் 360. தண்டு நிற்கும். மனசு படிப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், பைக் எட்டத்தில் ஆடட்டும். அதை அவிழ்க்க வேண்டியதில்லை.

அந்தச் செம்மண் பாதை யாருடையது?

கணக்கில் வராத கனம் ஒன்றும் படிப்புப் பக்கம் இருக்கிறது.

பந்திங், காப்பார், கோல சிலாங்கூர் பக்கம் நாம் ஓட்டுகிற இடம் பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை. அதில் பல தோட்டங்கள் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்கள். விடியும் முன்பே பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போன பாட்டிகள் நடந்த பாதை அது. மழை பெய்தால் அன்றைய சம்பளம் போச்சு. நாம் மழை பெய்தால் சேறு நல்லா இருக்கும் என்று கிளம்புகிறோம். அவர்கள் கால் வழுக்கி விழுந்த அதே சேற்றில் நாம் டயரைச் சுழற்றி விளையாடுகிறோம்.

குற்றவுணர்ச்சிக்காக இதை எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் அந்தப் பாதையில் சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் அந்தப் பாட்டிகள் சந்தோஷம்தான் படுவார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு யார் விலை கொடுத்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நம் தர்மம் பிறக்கும்போதே மூன்று கடன் இருக்கிறது என்கிறது: தேவர் கடன், ரிஷிகள் கடன், முன்னோர் கடன். ரிஷிகளுக்கான கடனைப் படித்துத்தான் தீர்க்க முடியும். தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த நம் குடும்பங்களில் முன்னோர் கடனும் பெரும்பாலும் படிப்பு வழியாகத்தான் தீர்கிறது. அதோடு பி.டி.பி.டி.என். கடன் வேறு! சி.ஜி.பி.ஏ. 2.00-க்குக் கீழே போனால் அந்தப் பணமும் நின்று போகலாம். அப்புறம் அம்மா ஓவர்டைம் பார்க்கிற நாள் இன்னும் கூடும். படிப்பு முனையில் தொங்குவது நம் ஒருவருடைய எதிர்காலம் மட்டும் இல்லை. அதனால்தான் அது மலை.

சூரனை என்ன செய்தார்?

"அப்படின்னா ஆசையே வேணாமாண்ணே?" என்று கேட்கலாம். முருகன் சூரபத்மனை என்ன செய்தார் என்று பாருங்கள். மாமரமாக நின்றவனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயில் ஆனது, ஒரு பாதி சேவல் ஆனது. அவ்வளவு அட்டகாசம் செய்த சூரனின் வேகத்தைப் பெருமான் வீணாக்கவில்லை. அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். மீதிப் பாதியைக் கொடியில் ஏற்றினார். சேவலின் வேலை என்ன? விடியற்காலையில் எழுப்புவது. பாதி ஆசை வாகனம், பாதி ஆசை விழிப்பு. எந்த ஆசை நம்மைக் காலையில் எழுப்புகிறதோ அது மயிலும் சேவலும் ஆகிவிட்டது. எந்த ஆசை காலை எட்டு மணி வகுப்பைத் தூங்கவைக்கிறதோ அது இன்னும் சூரன்தான்.

ஸ்க்ரேம்பளரை வாகனமாக்க முடியுமா? முடியும். பாடப் புத்தகத்தில் காகிதமாக இருக்கிற பாதி விஷயம் அந்த வண்டியில் உயிரோடு இருக்கிறது. சஸ்பென்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய மோட்டோகிராஸ் வண்டியில் பின் சக்கரம் ஏறி இறங்கச் சுமார் 300 மில்லிமீட்டர் இடம் உண்டு. ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் அதில் சுமார் 100 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும். இதை 'சேக்' என்பார்கள். ஸ்பிரிங்கை இறுக்கி அமுங்கவே விடாமல் செய்தால், பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்காது, மண்ணை விட்டுவிடும். ரொம்பத் தளர்த்திவிட்டால் மேடு வரும்போது அடிபட்டு முதுகெலும்பு வரை இடிக்கும். மூணில் ஒரு பங்கு கொடுத்துவைத்தால்தான் மேட்டையும் பள்ளத்தையும் தாங்கும்.

பகவத் கீதை ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் சொல்வதும் இந்த அளவைத்தான். சாப்பாடு, உலாவல், உழைப்பு, தூக்கம், விழிப்பு எல்லாம் அளவோடு இருப்பவனுக்கே யோகம் கைகூடும் என்கிறார். அதிகமாகச் சாப்பிடுகிறவனுக்கும் இல்லை, பட்டினி கிடக்கிறவனுக்கும் இல்லை. அந்தப் பட்டியலில் விளையாட்டும் உலாவலும் அடங்கும் 'விஹாரம்' இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். யோகம் சொல்லித் தருகிற இடத்தில் பகவான் பொழுதுபோக்கை நீக்கச் சொல்லவில்லை, அளக்கச் சொல்கிறார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் 1904-இல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமத்தைத் தாண்டிப் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். அந்தச் சுவாமிஜி 1897-இல் சென்னை இளைஞர்களிடம் பேசும்போது, கீதை படிப்பதைவிடக் கால்பந்து உங்களைச் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் என்ற கருத்தில் பேசியது பிரசித்தம். நம் பசங்க இதைப் பாதியோடு நிறுத்திவிடுவார்கள். மீதி என்ன? உடம்பில் வலு ஏறினால் கீதை உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும் என்பது. கால்பந்து கீதைக்குப் பதிலாக வரவில்லை. கீதையைத் தாங்கும் தோளைத் தருவதற்காக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு வந்தவன் திங்கட்கிழமை இன்னும் தெளிவாகப் படிக்கிறானா? ஆம் என்றால் சுவாமிஜி அவன் பக்கம். செவ்வாய்க்கிழமை வரை படுத்தே கிடந்தால் அவர் பெயரைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

இறக்கி வைக்கவும் தெரிய வேண்டும்

காவடியை யாரும் வருஷம் முழுக்கச் சுமப்பதில்லை. சன்னதியில் இறக்கி வைக்கிறோம். இறக்கி வைப்பதும் வழிபாட்டின் ஒரு பகுதிதான்.

'பில்லா' எடுக்க இங்கே வந்த அஜித் குமாரை நம் ஊரில் தெரியாதவர் இல்லை. 2025 ஜனவரியில், 53 வயதில், துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்துக்குத் தன் அணியோடு போனார். பயிற்சியில் கார் தடுப்பில் மோதியது. ஆள் தப்பினார். அதன் பிறகு அணியின் நலனை நினைத்து, தன் பெயரில் உள்ள அணியின் காரை ஓட்டுவதிலிருந்து தானே விலகிக்கொண்டார். அவர் ஓட்டாத அந்த அணி தன் பிரிவில் 3-ஆம் இடம் பிடித்தது. மேடையில் அவர் தேசியக்கொடியோடு குதித்ததை நாம் பார்த்தோம். அதற்கு முன்னால் அவர் இறக்கி வைத்ததைத்தான் நாம் படிக்க வேண்டும். பந்தய மாதங்களையும் பட மாதங்களையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பதும் அவர் வழி. ஒரே நாளில் இரண்டையும் பாதிப் பாதி செய்வதில்லை.

நமக்கும் அப்படித்தான். தேர்வு வாரங்களில் படிப்பின் எடை 40-லிருந்து 60 ஆகும். அப்போதும் தோளைப் பழைய இடத்திலேயே வைத்திருப்பவன் காவடியைக் கீழே போடுவான். அந்த மூன்று வாரம் பெட்ரோல் டேப்பை மூடி, வண்டிக்குத் துணி போர்த்தி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். சரஸ்வதி பூஜை, ஆயுத பூஜை அன்று நாம் என்ன செய்கிறோம்? புத்தகத்தையும் மோட்டாரையும் ஒன்றாகச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். அன்றைக்குப் புத்தகத்தையும் தொடுவதில்லை, மோட்டாரையும் எடுப்பதில்லை. எதுவும் கொஞ்ச நாள் ஓய்ந்திருந்தால் ஓடிப்போகாது என்று நம் வீட்டுப் பூஜை அறையே சொல்லித் தருகிறது.

சின்ன விரதங்கள்

தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்க முடிகிறவர்களுக்கு இவை பெரிய விஷயமே இல்லை.

ஒன்று. ஞாயிறு இரவு ஒரு தாளில் ரெண்டு எண் எழுதுங்கள்: இந்த வாரம் படித்த மணி, பைக்குக்குப் போன மணி. வீடியோ பார்த்த நேரத்தையும் பைக் பக்கமே போடுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். முருகனிடம் காட்டினால் போதும்.

இரண்டு. சனிக்கிழமை இரவுக்குள் அந்த வார அசைன்மென்ட் முடிந்தால்தான் ஞாயிறு வண்டி கிளம்பும். கூட்டாளிகள் நாலு பேரும் சேர்ந்து இந்த விரதம் எடுத்தால் இன்னும் சுலபம். ஒருத்தன் முடிக்கவில்லை என்றால் மற்ற மூணு பேரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள்.

மூன்று. உடம்பு கோயில் என்று மேடையில் பேசுகிறோம். அப்படியென்றால் ஹெல்மெட், பூட்ஸ், முட்டிக் கவசம், நெஞ்சுக் கவசம் இல்லாமல் ஏறாதீர்கள். மணிக்கட்டு உடைந்தால் ஆறு வாரம் லேப் இல்லை, டிராயிங் இல்லை. தனியாகக் காட்டுக்குள் போகாதீர்கள். தோட்டம் என்றால் உரிமையாளரிடமும், வனக் காப்பகம் என்றால் வன இலாகாவிடமும் அனுமதி வாங்குங்கள். பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள். நம் நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கும் மேல் மோட்டாரில் போனவர்கள். நள்ளிரவு ரெம்பிட் கூட்டத்துக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் வண்டியில் தெரியாது, நடத்தையில்தான் தெரியும்.

நான்கு. வண்டியில் கெட்டுப்போன ஒவ்வொரு பாகத்தையும் பாடமாக்குங்கள். ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து ஒரு பக்கம் எழுதுங்கள். நம் நாட்டு கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டோன் காரில் உலகத் தயாரிப்புக் கார் ராலி சாம்பியன் ஆனார். அந்த மாதிரி ஒருத்தர் ஓட்ட, பின்னால் பல பேர் கணக்குப் போட்டு, கழற்றி, மாட்டி உழைக்க வேண்டும். ஓட்டத் தெரிந்த இஞ்சினியருக்கு அந்தக் கூட்டத்தில் இடம் இருக்கிறது. டிகிரியை நடுவில் விட்டவனுக்கு அந்தக் கதவைத் திறப்பது கஷ்டம்.

தம்பி, உன் தோளில் இரண்டு மலை இருக்கிறது. ஒன்று உன் பாட்டி தொடங்கி வைத்தது, ஒன்று உன் வயசு கொண்டு வந்தது. தங்கச்சி, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்க்ரேம்பளர்" என்ற பேச்சும் சேர்த்துச் சுமக்கிற உனக்கு இன்னும் கனம் கூட. இடும்பனுக்கு வரம் கொடுத்தவன் சுமையைக் குறைக்கிறேன் என்று சொல்லவில்லை, சுமந்து வருகிறவனோடு இருக்கிறேன் என்றுதான் சொன்னான். இந்த வாரம் ஒரு தடவை நின்று, தோள் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பார். நகர்ந்திருந்தால் நகர்த்திக்கொள். அப்புறம் நட.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!